சதுர அடி ரேட்டை மட்டும் கேட்டு மாடுலர் கிச்சன் வாங்காதீர்கள்

"மாடுலர் கிச்சன் சதுர அடி என்ன ரேட்டுங்க?" கும்பகோணத்தில் இன்டீரியர் வேலை செய்கிற எனக்குப் போனில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மாடுலர் கிச்சன் என்பது, தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து அடுப்படியில் பொருத்தும் அலமாரி. எதை அளக்கப்போகிறோம், உள்ளே என்ன பலகை போடப்போகிறோம் என்ற இரண்டும் முடிவாகாமல் இதற்கு நேர்மையான பதில் கிடையாது. அப்படியும் ஒருவர் சட்டென்று ஒரு ரேட் சொன்னால், அந்த ரேட்டை வைத்து யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது.

முதலில் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 8 அடி என்று எல் வடிவ அடுப்படி. கூட்டினால் 18 அடி. ஆனால் மூலையில் இருக்கும் 2 அடி இரண்டு சுவருக்கும் பொது. உண்மையான நீளம் 16 அடிதான். உயரத்திலும் இதே கதை. பெட்டியின் உயரம் 28 அங்குலம் இருக்கும். அதன் அடியில் கால், மேலே கிரானைட். தரையிலிருந்து கல்லின் மேல்மட்டம் வரை 34 அங்குலம் என்று டேப் பிடிப்பவர்கள் உண்டு. கல்லுக்கு நீங்கள் கடையில் தனியாகப் பணம் கட்டியிருப்பீர்கள்.

இப்போது கணக்குக்காக இரண்டு ரேட் வைத்துப் பாருங்கள். ஒருவர் 1,400 ரூபாய் என்கிறார், 18 அடியும் 34 அங்குலமும் அளக்கிறார். 51 சதுர அடி, 71,400 ரூபாய். இன்னொருவர் 1,800 என்கிறார், 16 அடியும் 28 அங்குலமும் அளக்கிறார். 37 சதுர அடி சொச்சம், சுமார் 67,200 ரூபாய். ரேட் கேட்ட அன்றே இரண்டாமவரை நாம் "ஜாஸ்தி சொல்றாரு" என்று ஒதுக்கியிருப்போம். அதனால் கொட்டேஷன் வாங்கும்போது, படம் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் அகலம், உயரம், ஆழம் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏமாற்றம் அதிக விலையில்தான் வரும் என்றில்லை. விலை ரொம்பக் குறைவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 10 அடி நீளத்துக்கு, 2 அடி அகலத்தில் ஐந்து பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் தெரிவது 23 சதுர அடி சொச்சம்தான். ஆனால் பக்கப்பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு, கதவு எல்லாம் சேர்த்தால் 18 மில்லிமீட்டர் பலகை 100 சதுர அடிக்கு மேல் போகும். 8-க்கு 4 ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெட்டுக் கழிவையும் சேர்த்தால் 4 ஷீட் வேண்டும், முதுகுக்கு 6 மில்லிமீட்டரில் இன்னொரு ஷீட். உங்கள் ஊர் ப்ளைவுட் கடையில் நீங்களே விலை கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அதோடு லேமினேட் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய தகடு), பசை, கீல், சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்), ஆசாரி கூலி, வண்டி வாடகை, வேலை எடுப்பவரின் லாபம். லாபம் கேட்பது தப்பே இல்லை, அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரிகிறது. ஆனால் பலகை விலையே கொட்டேஷன் தொகையை எட்டிவிட்டால், சொன்ன பலகை உங்கள் வீட்டுக்கு வராது.

பலகை விஷயத்தில் "வாட்டர்ப்ரூஃப் சார்" என்ற வாய் வார்த்தையை ஏற்கவே வேண்டாம். ப்ளைவுட்டில் எம்.ஆர். என்ற ரகம் சாதாரண ஈரம் தாங்குவது. பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் ரகம், அதற்கு மேல். இவை இரண்டும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் வரும். ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளை, கொதிநீரில் 72 மணி நேரம் போட்டும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், செல்லுபடியாகிறதா என்று காட்டும். ஷீட் வீட்டுக்கு வந்து இறங்கும்போது, அறுப்பதற்கு முன், இதைப் பார்த்துவிடுங்கள்.

போன வருஷம் திருவாரூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படி போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. கதவு கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது. சிங்க் அடியில் குனிந்து பக்கப்பலகையின் கீழ் ஓரத்தை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. பலகை ஊறி, ஓரப்பட்டை பிரிந்து, உள்ளே மரத்தூள் கஞ்சியாகக் குழைந்திருந்தது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு. "ப்ளைவுட்டுன்னுதானே தம்பி காசு வாங்கினாங்க" என்று அந்த அம்மா கேட்டபோது, கொட்டேஷனை எடுக்கச் சொன்னேன். "வாட்டர்ப்ரூஃப் போர்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நம் பக்கம் வண்டல் மண். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து தரையே வியர்க்கும். கரையானுக்கும் குறைவில்லை. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கீழ்ப்பகுதிக்கு மரப்பெட்டியே வேண்டாம் என்பதுதான். கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்புக் கட்டி, முன்னால் மட்டும் சட்டமும் கதவும் போட்டால் போதும். நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. பலகைச் செலவில் பெரும்பகுதி மிச்சம், தண்ணீர் தேங்கினாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. முழுக்க மாடுலர்தான் வேண்டும் என்றாலும், சிங்க் அடிப் பகுதியையாவது கல்லில் விடுங்கள். ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் விற்பது பெட்டி.

மிச்சமாகும் காசைக் கீலிலும் சேனலிலும் போடுங்கள். நம் வீடுகளில் டிராயருக்குள் போவது பீங்கான் தட்டு அல்ல. பித்தளை அண்டா, இட்லிப் பானை, சொந்த வயல் நெல்லை அரைத்து வந்த அரிசி. எத்தனை கிலோ தாங்கும் சேனல் என்று கேட்டு, கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதி வாங்குங்கள். கம்பிக்கூடை என்றால் 304 கிரேடு ஸ்டீலா என்று கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள், விலை குறைந்த 202 கிரேடிலும் ஒட்டாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்றில் இந்த வித்தியாசம் சீக்கிரமே துருவாகத் தெரிந்துவிடும்.

"சிம்னி ஃப்ரீ, ஹாப் ஃப்ரீ" (ஹாப் என்பது மேடையில் பதிக்கும் அடுப்பு) என்றால், அவை இல்லாமல் என்ன விலை என்று ஒரு கொட்டேஷன் கேளுங்கள். குறைக்க மறுத்தால் அது இலவசம் இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள்: அட்வான்ஸ், ஷீட் வந்து முத்திரை பார்த்த பிறகு ஒரு பங்கு, பெட்டி மாட்டிய பிறகு ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை, குடிவந்து ஒரு மாதம் சமைத்து, டிராயர்களை முழுப் பாரத்தோடு இழுத்துப் பார்த்த பிறகு தருவதாக முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நான் இதற்குச் சம்மதித்துத்தான் வேலை எடுக்கிறேன். இந்தத் தொழிலில் ஒழுங்காக வேலை செய்கிற யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.