மீன்தொட்டி நீரின் டி.டி.எஸ். அளவை எப்படிப் படிப்பது

டர்பன் நகரிலும் அதன் வடக்கே பீனிக்ஸ், டொங்காட் பகுதிகளிலும் மீன்தொட்டி வைத்திருப்போரின் வீடுகளுக்குச் சென்று நீரைச் சோதித்து ஆலோசனை சொல்வது என் தொழில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, குழாய்களில் பல மாதங்கள் நீர் வராதிருந்த காலத்தில் நான் பார்த்த ஒரு தொட்டியை இன்னும் மறக்க முடியவில்லை. லாரி நீர் குடிக்கவும் சமைக்கவுமே போதாத நிலையில், அந்த வீட்டுப் பெரியவர் தகரக் கூரையிலிருந்து ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் நீர்த்தொட்டியில் பிடித்த மழைநீரை மீன்களுக்கு ஊற்றியிருந்தார். "தம்பி, குழாய்த் தண்ணியைவிட இதுதான் சுத்தம், மீட்டரைப் பாருங்க" என்று காட்டினார். நீரில் கரைந்தவற்றை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 20 என்றது. பாதித் தொட்டியை அந்த நீரால் மாற்றிய மறுநாளே அவருடைய நியான் டெட்ராக்கள் அடியில் கிடந்து மூச்சு வாங்கின, கப்பிகள் இரண்டு இறந்துவிட்டன.

எண் குறைந்தால் நீர் நல்லது என்ற எண்ணம் மிகப் பரவலானது. டி.டி.எஸ்., அதாவது மொத்தக் கரைந்த திடப்பொருள்கள், என்பவை கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் போன்ற அனைத்தின் மொத்தமே ஆகும். நம் கையிலுள்ள மீட்டர் இவற்றை எடைபோடுவதில்லை. நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே 400 மைக்ரோசீமென்ஸ் கடத்துத்திறன் உள்ள ஒரே நீரை ஒரு மீட்டர் 200 என்றும், இன்னொன்று 280 என்றும் காட்டக்கூடும். நண்பர் வீட்டு எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடும் முன் இரண்டு மீட்டர்களையும் ஒரே குவளையில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

இந்த எண் மீனுக்கு ஏன் முக்கியம் என்பதை அதன் உடலிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம் என்பதால், செவுள் வழியே நீர் இடைவிடாமல் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. மீன் அதிகமாகச் சிறுநீர் கழித்தும், செவுளிலுள்ள சிறப்புச் செல்களால் உப்பை மீண்டும் இழுத்தும் சமநிலையைக் காக்கிறது. சுற்றுநீர் மெல்ல மாறினால் மீன் இந்த வேலையை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். ஒரே மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. எண் இவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேகமாக மாறியது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

டொங்காட் பெரியவரின் தொட்டியில் இந்தத் திடீர் மாற்றத்தோடு தகரக் கூரையின் துத்தநாகமும் சேர்ந்துகொண்டது என்பது என் மதிப்பீடு. துத்தநாகம் மிகச் சிறிய அளவிலேயே செவுளைப் புண்ணாக்கும். கடின நீரில் கால்சியம் ஓரளவு காப்பாக நிற்கும். மழைநீரில் அந்தக் காப்பும் இல்லை. உயிரைக் கொல்லும் அளவு துத்தநாகம் மீட்டரின் எண்ணில் தெரியவே தெரியாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியாவும் அப்படித்தான், மீட்டர் காட்டும் 300 போன்ற எண்ணுக்குள் மறைந்துவிடும். மாறாக, நைட்ரைட் நச்சுக்கு மருத்துவமாக லிட்டருக்கு ஒரு கிராம் உப்புப் போடும்போது மீட்டர் ஏறத்தாழ ஆயிரம் கூடும். ஆனால் அந்த உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதைத் தடுத்து மீனைக் காக்கிறது.

நம் வீட்டுக் குழாய் நீரே ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் குடிநீர்த் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 241, கரைந்த திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 1200 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது; அதற்குள் எண் ஏறி இறங்கலாம். அந்த வரம்பும் பெரும்பாலும் சுவையைக் கருதியதே தவிர மீனைக் கருதியதன்று.

பலர் கவனிக்காத இன்னொன்று ஆவியாதல். டர்பனின் கோடையில் மூடியில்லாத 100 லிட்டர் தொட்டி வாரம் 10 லிட்டர் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். 150 காட்டும் குழாய் நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்து, நீர் மாற்றமே செய்யாவிட்டால் வாரத்துக்கு 15 கூடி, 20 வாரத்தில் 150 என்பது 450 ஆகிவிடும். மீன் கழிவின் நைட்ரேட் இதற்கு மேல். பழைய மீன்கள் அதற்குப் பழகி நன்றாகவே நீந்தும், கடையிலிருந்து வந்த புது மீன் மட்டும் இரண்டு நாளில் இறக்கும். கடைக்காரரைக் குறை சொல்லும் முன் தொட்டியை அளந்து பார்க்க வேண்டும். அளந்தபின் பதறி முக்கால்வாசி நீரை மாற்றுவது பழைய மீன்களையும் கொன்றுவிடும். அதே குழாய் நீரால் வாரம் 20 விழுக்காடு மாற்றினால் 450 என்பது 390, 342, 304 என்று இறங்கும். அந்த வேகத்தை மீன் தாங்கும்.

எந்த எண்ணை நோக்கி இறங்குவது என்பது மீனைப் பொறுத்தது. கார்டினல் டெட்ராவின் தாயகமான, அமேசானின் கிளையாறு ரியோ நீக்ரோவில் உப்பு ஏறத்தாழ இல்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் கடத்துத்திறன் சுமார் 250 மைக்ரோசீமென்ஸ், டாங்கன்யிக்கா ஏரியில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நம் ஊரில் மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களை வளர்ப்போர் கைநிறைய உப்பைக் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது; அந்த ஏரி அவ்வளவு உப்பானதன்று.

புது மீன் வாங்கும்போது கடைத் தொட்டியின் நீரையும் அளந்துகொள்ளுங்கள். வேறுபாடு 100க்கு மேல் இருந்தால், மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக மீனிருக்கும் வாளியில் இரண்டு மணி நேரம் விடச் சொல்வேன். டொங்காட் பெரியவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றன, ஒன்று குழாயினுடையது, மற்றது தொட்டியினுடையது.