நடைபாதை அமிழ்ந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் குவாசூலு-நட்டால் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஓர் அக்கா போட்டோ அனுப்பியிருந்தார். வீட்டு வாசலில் மாநகராட்சி போட்ட புது நடைபாதை. பேவிங் கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன, கெர்ப் கல்லை (சாலை ஓர விளிம்புக் கல்லை) ஒட்டிக் கையே நுழைகிற அளவுக்கு இடைவெளி. எப்போது முடித்தார்கள் என்று கேட்டேன். "ஒன்றரை வருஷம் இருக்கும் தம்பி, மூணாம் மாசமே இறங்க ஆரம்பிச்சிருச்சு." அப்போதே ஏன் புகார் கொடுக்கவில்லை? "கான்ட்ராக்டர்தான் போயிட்டானே, யார்கிட்ட சொல்ல?"

இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தெரு வேலைகளை மேற்பார்வை பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். கான்ட்ராக்டர் ரோலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது. அவருடைய பணத்தில் ஒரு பங்கு இன்னும் மாநகராட்சியின் கையில் இருக்கும். ஒவ்வொரு மாத பில்லிலும் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதற்கு ரிடென்ஷன் என்று பெயர். வேலை முடிந்ததாகச் சான்றிதழ் கொடுக்கும்போது பொதுவாக அதில் பாதியைத் திருப்பித் தருவார்கள். மீதிப் பாதி, குறைகளைச் சரிசெய்யும் காலம் முடியும்வரை நிற்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், ஆனால் தெரு வேலைகளில் பெரும்பாலும் 12 மாதம். அந்தக் காலத்துக்குள் மோசமான வேலையால் கல் இறங்கினாலும் கெர்ப் உடைந்தாலும் கான்ட்ராக்டர் தன் சொந்தச் செலவில் வந்து செய்து கொடுக்க வேண்டும். புது டெண்டர் வேண்டாம், புது பட்ஜெட் வேண்டாம், "நிதி இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. வரமாட்டேன் என்றால் வேறு ஆளை வைத்துச் செய்துவிட்டு, அந்தச் செலவை அவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

காலம் முடிந்து எஞ்சினியர் கடைசிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? அப்புறம் அதே பள்ளம் பராமரிப்புப் பிரிவின் வரிசையில் போய் நிற்கும், செலவு நீங்கள் கட்டும் ரேட்ஸிலிருந்து, அதாவது வீட்டு வரியிலிருந்து. உள்ளே மறைந்திருந்த குறைகளுக்கு அதன் பிறகும் வழி உண்டு, ஆனால் அது வக்கீல் வைத்து இழுக்கிற வழி.

கையெழுத்துப் போடுகிற எஞ்சினியர் தெருவை ஒரு காலை நேரம் நடந்து பார்ப்பார், அதுவும் வெயில் நாளில். மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தான் தெரியும். மழை பெய்யும்போதே போட்டோ எடுங்கள். டர்பன் பெரியா மேட்டுச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், நனைந்தால் சரிந்து இறங்கும், ஒழுங்காகக் கெட்டிப்படுத்தாத இடத்தை முதல் கோடை மழையே காட்டிக் கொடுத்துவிடும். பழைய தார்மேலேயே புதுத் தார் ஊற்றியிருந்தால் சாலை மட்டம் ஏறியிருக்கும், தெருவுக்குக் கீழே வீடு இருப்பவர்கள் தண்ணீர் உங்கள் கேட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். கேட்ச்பிட் (மழைநீர் வடிகாலில் இறங்கும் குழி) வாயில் சிமெண்டைக் கொட்டி மூடிவிட்டுப் போவார்கள், அதையும் பாருங்கள். (எத்தனை தடவை சொன்னாலும் இதைச் செய்கிறார்கள், ஏனென்று எனக்கே புரியவில்லை.)

யாரிடம் சொல்வது? கவுன்சிலருக்கு வாட்ஸாப் போட்டேன் என்பீர்கள். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் "அவர்தான் கான்ட்ராக்ட் கொடுத்தார், அவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, கவுன்சிலர்கள் டெண்டர் குழுக்களில் உறுப்பினராக இருப்பதையே தடுக்கிறது. அதே சட்டத்தின் 116ஆம் பிரிவுப்படி, கான்ட்ராக்டரின் வேலையை மாதாமாதம் கண்காணிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. எனவே புகாரை எழுத்தில் சாலைப் பிரிவுக்குக் கொடுங்கள், ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காமல் விடாதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் வைக்கிற சைட் போர்டில் இருக்கும் ஒப்பந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். போர்டு நிற்கும்போதே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவர்கூட இல்லை. குறைகளைச் சரிசெய்யும் காலம் என்றைக்கு முடிகிறது என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து வேலையாட்களிடம் கூல்டிரிங்க் காசு கொடுத்து உங்கள் டிரைவ்வேயை ஒரு அடி நீட்டிக்கொள்ளாதீர்கள். வரைபடத்தில் இல்லாத அந்தத் துண்டு வெடித்தால், அதைச் சாக்காக வைத்துப் பக்கத்தில் உள்ளதையும் "வீட்டுக்காரர் கை வைத்தது" என்று தட்டிக் கழிப்பார்கள். காவடித் திருவிழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்குவதையும் விடுங்கள். தைப்பூசம் வருவது இங்கே மழைக்காலத்தில், ஈர மண்மேல் அவசரமாகப் போட்ட கல்லில்தான் பிறகு வெறுங்காலோடு பால்குடம் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறீர்கள்.

ஃபைபர் கேபிள்காரர்கள் தோண்டி மூடிய பள்ளம் மட்டும் வேறு கணக்கு, அதை மூடிச் சரிசெய்வது தோண்ட அனுமதி வாங்கிய நிறுவனத்தின் வேலை. புகாரில் இரண்டையும் கலக்காதீர்கள்.

உடைந்த நடைபாதையில் யாராவது விழுந்து அடிபட்டிருந்தால், மாநகராட்சிமேல் நஷ்டஈடு கேட்க அரசு அமைப்புகள்மேல் வழக்குப் போடுவது பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கிளினிக் சீட்டையும் அந்த இடத்தின் போட்டோவையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள்.