மாட் செய்யுங்கள், ஆனால் அக்காவின் பண்ணையில் வேண்டாம்

இந்த வருடத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான், பின்னாலேயே அழுது சிவந்த கண்ணோடு அவன் அக்கா. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் அவள் மூன்று வருடமாக வளர்த்த பண்ணை போய்விட்டதாம். அடுத்தவர் செய்த மாட்களை (கேமை மாற்றவோ புதிதாக எதையாவது சேர்க்கவோ ரசிகர்கள் செய்கிற இணைப்புகள்) போட்டு ஆடி அலுத்துப்போன தம்பி, சொந்தமாக ஒன்று செய்திருக்கிறான்: பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு. நன்றாகவே செய்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அக்காவும் ஆசையாகத் தன் பெட்டிகளையெல்லாம் அதற்குள் கொண்டுபோய் அடுக்கிவிட்டாள். அப்புறம் இவனுக்குக் கிடங்கின் பெயர் பிடிக்காமல் போய், ஃபைலில் அதன் ஐடியையே (கேம் அதை அடையாளம் காணும் உள்பெயர்) மாற்றிவிட்டான். அக்கா கேமைத் திறந்து ஒரு நாள் ஆடிவிட்டுத் தூங்கினாள் (அந்த கேமில் தூங்கினால்தான் சேவ் ஆகும்). கிடங்கு இருக்கிறது, உள்ளே பெட்டி ஒன்றுகூட இல்லை.

"பழைய பேரையே திரும்ப வெச்சுப் பார்த்துட்டேன் அங்கிள், வரல."

வராதுப்பா.

"மாட்தானே, சரியா வரலேன்னா எடுத்துடலாம், பழையபடி ஆயிடும்" என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். மாட் போட்டு ஆடுகிறவரைக்கும் இது பெரும்பாலும் உண்மையாகவே இருப்பதுதான் சிக்கல். ஒரு பாத்திரத்தின் படத்தை மாற்றுகிறீர்கள், பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விலையை 35-லிருந்து 100 ஆக்குகிறீர்கள். இதெல்லாம் கேம் திறக்கும்போது மேலே போர்த்துகிற போர்வை, எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் புதிதாக ஓர் இடம், ஒரு பொருள் என்று சேர்த்துவிட்டால் கதை வேறு. ஆட்டக்காரர் அதைத் தொட்டவுடன் அது சேவ் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, நீங்கள் வைத்த ஐடியின் பெயரில். மறுமுறை திறக்கும்போது கேம் அந்த ஐடியைத் தேடும். இல்லையென்றால் பொருள் 'எரர் ஐட்டம்' ஆகும், இடமோ உள்ளே வைத்தவற்றோடு சேர்ந்து கழன்றுவிடும். அன்றிரவு தூங்கினால் அது இல்லாமலேயே சேவ் எழுதப்படும். உங்களுக்கு அது பெயர் மாற்றம், கேமுக்கோ பழைய கிடங்கு இடிந்து புதுக் கிடங்கு முளைத்த கணக்கு. இதற்குப் பிறகு பழைய பெயரைத் திரும்ப வைத்தால் காலிக் கிடங்குதான் கிடைக்கும்.

நான் பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் சோதனை செய்துவிட்டு முழித்த பெரிய பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பத்தாம் வகுப்புப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றுக்குத் திட்டினேன். மாட்களை ஏற்றி ஓடவைக்கும் ஸ்மாப்பி என்ற நிரலோடு வரும் பேக்கப் வசதி கடைசி 10 நகல்களை எடுத்து வைக்கும், அந்தக் கோப்புறையை இவன் 'இடம் அடைக்கிறது' என்று அழித்திருந்தான். சேவ் கோப்புறையில் 'ஓல்டு' என்று முடியும் ஃபைல் ஒரே ஒரு முந்தைய சேவைத்தான் வைத்திருக்கும், அதற்குள் அக்கா மூன்று முறை தூங்கியாகிவிட்டது.

சோதனைக்கென்று தனியாக ஒரு பண்ணை தொடங்குங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், ஸ்டார்டியூ வேலிக்குள் இருக்கும் சேவ்ஸ் கோப்புறையை முழுதாக வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். ஐடியை முதல் நாளே முடிவுசெய்து, முன்னால் உங்கள் மாட்டின் யூனிக் ஐடியை (மாட்டுக்கென்று நீங்கள் வைக்கும் தனி அடையாளம்) சேர்த்துவிட்டு, அப்புறம் அதை மறந்துவிடுங்கள். திரையில் தெரிகிற பெயரை தினம் ஒன்றாக மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. இடத்தின் ஐடியை மாற்றியே தீர வேண்டுமென்றால், 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பிலிருந்து பழைய பெயர்களைக் குறித்துவைக்கத் தனிப் புலமே இருக்கிறது, அதில் எழுதுங்கள். ஸ்மாப்பியின் கறுப்புச் சன்னலைச் சுருக்கி ஒளிக்காதீர்கள், சிவப்பில் வரும் பிழைச் செய்தி உங்களுக்குத்தான்.

பழைய வீடியோவைப் பார்த்து கேமின் கன்டென்ட் கோப்புறையிலிருக்கும் எக்ஸ்என்பி ஃபைல்களின் (கேமின் சொந்தப் படங்களும் தரவும் இருக்கும் ஃபைல்கள்) மேலேயே எழுதாதீர்கள், தயவுசெய்து. கேமின் ஃபைல்களைத் தொடாமலேயே மாற்றங்களைச் செய்யும் கன்டென்ட் பேச்சர் என்ற மாட் எதற்கு இருக்கிறது? அதை வைத்து அந்த பார்ஸ்னிப் விலையை மாற்றிப் பாருங்கள், அதுவே முதல் மாட்டாக இருக்கட்டும். ஜேசன் வடிவில் இரண்டு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள் போதும், சி ஷார்ப் என்ற நிரல்மொழி தெரிய வேண்டியதே இல்லை. 'முதலில் ஆறு மாதம் கோடிங் கோர்ஸ் சேர்த்துவிடட்டுமா' என்று கேட்கும் அப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

வெளியிடப் போகிறீர்களா? அடுத்தவர் வரைந்த படத்தை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். அப்புறம், மாட்டை வெளியிடும் தளத்தில் உங்கள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்களில் 'ஃப்ராக்சரைசர்' என்ற தீம்பொருள் பரவியபோது, கர்ஸ்ஃபோர்ஜ் என்ற மாட் தளத்தில் இருந்த மாட் ஆசிரியர்களின் கணக்குகள் வழியாகத்தான் அது உள்ளே நுழைந்தது. உங்கள் மாட்டை நம்பி இறக்குகிறவர் வைரஸ் சோதனையெல்லாம் செய்யமாட்டார், நீங்கள் இதுவரை செய்தீர்களா என்ன?

அக்கா புதுப் பண்ணை தொடங்கியிருக்கிறாள், தம்பியின் கிடங்கு இல்லாமல். அவன் அடுத்த ஞாயிறு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரும்போது சேவ் நகல் இருக்கும் பென்டிரைவோடு வந்தால்தான் கதவைத் திறப்பேன்.