173 கல்லா, 174 கல்லா?

ஏழாம் வகுப்பில் பரப்பளவுப் பாடம். அறை 12 அடிக்கு 10 அடி. தரையில் 10 அங்குலச் சதுரக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அங்குலமாக்கி 17,280-ஐ 100-ஆல் வகுத்தால் 172.8. ஆக, 173 கல். பலர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 174 என்று எழுதியிருந்தாள். கணக்கில் 40 மார்க்கைத் தாண்டாத பிள்ளை. சிவப்பு மையால் சுழிக்கப் போனவள், என்னவோ தோன்றி, எப்படி வந்தது என்று கேட்டேன்.

"டீச்சர், ஒரு வரிசையில 14 முழுக்கல்லுதான் உக்காரும். நாலு அங்குலம் மிச்சம் நிக்கும். ஒரு கல்லை வெட்டுனா நாலு அங்குலத்துல ரெண்டு துண்டு வரும், ரெண்டு அங்குலம் வீண். 12 வரிசைக்கு ஆறு கல்லு. 168-ம் ஆறும் 174." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பூக்கல்லை வெட்ட மாட்டாங்க டீச்சர், பூ பாதியா நிக்கும். ஓரத்துக்கு வேற கல்லு போடுவாங்க" என்றாள்.

அவள் அம்மா காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். லீவு நாளில் இவளும் அங்கே போய் உட்கார்ந்திருப்பாளாம். காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 18 வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் சொன்ன இரண்டாவது விஷயம் அன்றுவரை எனக்குத் தெரியாது.

மாணவர்களின் பண்பாட்டோடு சேர்த்துப் பாடம் நடத்துங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்கிறார்கள். பள்ளியில் அது பெரும்பாலும் ஆண்டு விழாவாகத்தான் வந்து சேர்கிறது. செட்டிநாட்டு வீட்டின் படம், பர்மாத் தேக்குத் தூண், கொட்டான் கூடை, கண்டாங்கி கட்டிய நாலு பிள்ளைகள். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சார்ட் எழுதி ஒட்டினோம். தறி ஓடும் வீட்டுப் பையன் ஒருவன் அதே வகுப்பில் இருந்தான். பாவு நூல் எத்தனை, கரைக்கு எவ்வளவு அகலம் என்று அவனிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளில் அநேகம் பேர் அந்தப் பெரிய வீடுகளில் பிறந்தவர்கள் இல்லை. சிலருடைய அம்மா அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறார், அப்பா காவல் இருக்கிறார். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆட்டுக்கிடை போடும் கீதாரி வீட்டுப் பிள்ளைகள், அப்பா வெளிநாட்டில் இருக்க ஆயா (பாட்டி) வளர்க்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டும் செட்டிநாட்டைத் திரும்ப வகுப்பில் காட்டினால், அதில் இவர்கள் எங்கேயும் இருக்க மாட்டார்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். அந்த வாரமே நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே காய்ந்த மணலும் சிமெண்டும், அப்புறம் ஈரக் கலவை. பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது. கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் தரையில் அப்படி மின்னுகிறது. சமச்சீர், சுழற்சி, விகிதம், பின்னம் நாலும் அந்த ஒரு கல்லில் இருக்கின்றன. ஒரு கல்லில் கால் பூ, நாலு கல் சேர்ந்தால் முழுப் பூ. சுழற்சிச் சமச்சீரை இரண்டு பீரியடாகப் புரியவைக்க முடியாமல் தவித்த நான், அட்டையில் நாலு கல்லை வரைந்து கொடுத்ததும் பிள்ளைகளே திருப்பித் திருப்பி வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

உள்ளூர் உதாரணம் சொல்லிவிட்டால் பாடம் தானாக ஏறிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. காய்கறிக் கணக்கை மனசாலேயே போட்டுச் சில்லறை கொடுக்கும் பிள்ளைகள், அதே கணக்கைப் புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதிக் கொடுத்தால் திணறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் பாலம் போடுவது ஆசிரியர் வேலை. அதனால்தான் 174 சொன்ன பிள்ளையைப் பாராட்டியதோடு விடாமல், 173 எந்த இடத்தில் சரி, 174 எந்த இடத்தில் சரி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்தேன். பரப்பளவை மட்டும் பார்த்தால் 173. கல்லை வெட்டிப் பதிப்பதையும் பார்த்தால் 174. முழு எண், மீதி, பரப்பளவு என்ற சொற்களை அவள் அப்போதுதான் தன் கணக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். தனிவட்டிப் பாடத்தில் புத்தகம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்கும். ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். இது பிள்ளைகள் காதில் விழுகிற பேச்சுதானே என்று, "யார் வீட்டுல வட்டிக்கு வாங்கியிருக்கீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஒரு பையன் தலையைக் குனிந்தவன்தான். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. கடன்காரர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த வாரமாம் அது.

அன்றோடு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அப்பா என்ன வேலை, என்ன கடன், என்ன சாதி என்று போய் நிற்கிற எந்தக் கேள்வியையும் வகுப்பில் பொதுவில் கேட்பதில்லை. "வீட்டில் நீ நன்றாகச் செய்கிற ஒரு வேலையை எழுது" என்று தாளில் கேட்கிறேன். சொல்லலாமா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. கேட்பதற்கும் தோண்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆசிரியர்களே. தகப்பன் தொழிலை மகன் தலையில் கட்டிவிடும் பேச்சும் கூடாது. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டுக் கணக்கு மட்டும் போதும் என்று ஒதுக்கினால், அது அவனுக்குச் செய்கிற அநியாயம்.

வேறு மாநிலப் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. மார்கழியில் பிள்ளைகள் புள்ளிக்கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அம்மாவின் போனிலிருந்து ஒரு படத்தைக் காட்டினாள். அவர்கள் ஊரில் அரிசி மாவைக் கரைத்து விரலால் போடும் ஜோட்டி. நெற்கதிரும் லட்சுமியின் பாதமும் இருந்தன, புள்ளி கிடையாது. "எங்க ஆயாவும் மாக்கோலம் இப்படித்தான் கரைச்சுப் போடும்" என்றது பக்கத்துப் பிள்ளை. புள்ளி இல்லாமல் இரண்டு பக்கமும் எப்படிச் சமமாக வருகிறது என்று எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கையைக் காட்டியும் பாதித் தமிழிலும் அவள் விளக்கினாள்.

அமெரிக்காவின் டூசான் நகரில் 1990-களின் தொடக்கத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல இல்லை, அந்த வீட்டாருக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள. நம் பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே பெற்றோர் பயப்படுகிறார்கள். பிள்ளை ஏதோ தப்பு செய்திருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். பருவத்துக்கு இரண்டு வீட்டுக்காவது ஒரு குறையும் சொல்லாமல் போய்வந்து பாருங்கள்.

அந்த 174 மாணவியின் அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டேன். "ஒரு நா கூலி போயிருமே டீச்சர்" என்றார். நியாயம்தான். தலைமையாசிரியரிடம் பேசி, வேலை முடிந்தபின் மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டோம். ஒரு அச்சும் ஒரு கண்ணாடித் தகடும் கொண்டுவந்திருந்தார். கலவையில் மணல் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, அவருடைய மகள் கரும்பலகையில் விகிதமாக எழுதிக்கொண்டே வந்தாள்.