குருவி எப்படி லேப்டாப் தூக்கும்?

வடசென்னை ராயபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். "சிங்கப்பூர்லேர்ந்து குருவி நாளைக்குத்தான் வருது, லேப்டாப் அப்புறந்தான்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஐந்து வயதுப் பேத்தி, "தாத்தா, குருவி எப்டி லேப்டாப் தூக்கினு வரும்?" என்று கேட்டாளாம். அவளுக்கு வரும் குழப்பம் நமக்கு ஏன் வருவதில்லை என்பது அவர் கேள்வி.

பர்மா பஜார் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: அடிக்கடி விமானம் ஏறிக் கடைக்காரர்களுக்குச் சரக்கு கொண்டுவருகிறவர் குருவி. தீபாவளிக்குக் குருவி வெடி உண்டு. பனங்காய் சுமக்கும் பழமொழிக் குருவியும் உண்டு. ஒப்புமையால் பொருள் இப்படி நீள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். என்னைச் சொக்க வைப்பது, அதன்பின் தலைக்குள் நடப்பது.

ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் கருவியும் 'பக்'தான். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர், அறையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல 'பக்' இருந்ததாகச் சொல்லும் வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டார். 'பக்' முடிந்த கணமே திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மைச் சொல்லா, வெற்று எழுத்தா என்று உடனே சொல்ல வேண்டும். தொடர்புடைய பொருள் மனத்தில் ஏற்கெனவே விழித்திருந்தால் பதில் சட்டென்று வரும். 'எறும்பு'க்குச் சட்டென்று வந்தது, சரி. 'உளவாளி'க்கும் அப்படியே வந்தது! சிலந்தியும் கரப்பானும் முன்பே வழிகாட்டியும், கருவி என்ற பொருளும் எழுந்து நின்றிருக்கிறது. மூன்று அசை தள்ளிச் சோதித்தால் எறும்பு மட்டும் மிச்சம், உளவாளி போய்விட்டான்.

மூளை வாசலில் நின்று ஆள் பார்த்து அனுப்புவதில்லை. எல்லாப் பொருளையும் உள்ளே விட்டு, பொருந்தாததை ஒரு நொடிக்குள் வெளியேற்றுகிறது. எது அதிகம் புழங்குகிறதோ அது முந்திக்கொள்ளும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. தாத்தாவுக்குள்ளும் சிட்டுக்குருவி ஒரு கணம் சிறகடித்திருக்கும். அவர் உணரும்முன் பறந்திருக்கும். பேத்தியிடம் இருப்பதோ ஒரே குருவி. அதையே விமானத்தில் ஏற்றிவிட்டாள்.

வடசென்னைப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவதை நான் மூடநம்பிக்கையோடுதான் சேர்ப்பேன். ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருளை வைத்து நொடியில் பிரித்தெடுக்கும் மூளைகள் அவை. இந்தச் சோதனைக்கு ஒரு கணினியும் ஹெட்போனும் போதும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் புழங்கும் சொற்களைக் கொண்டு இதைச் செய்ய நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும்.

பேத்தியை ஒருநாள் பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பர்மா பஜாருக்குக் கூட்டிப்போய், பெட்டியோடு வரும் குருவியைக் காட்டுங்கள் ஐயா. இரண்டாவது பொருள் அன்றைக்கே குடியேறிவிடும்.