ரிவைவல்: மறுதொடக்கம் அல்ல, மறுதாம்பு

2005 மார்ச் 26, சனிக்கிழமை மாலை. லண்டனில் ஒரு பெரிய துணிக்கடையின் நிலவறை. கடை மூடும் நேரத்தில் அங்கே தனியாக இறங்கிப்போன ரோஸ் என்ற விற்பனைப் பெண்ணைச் சுற்றிப் பிளாஸ்டிக் பொம்மைகள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்குகின்றன. அவள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். பொம்மை ஒன்று கையை ஓங்குகிறது. அந்த நொடியில் வேறொரு கை அவள் கையைப் பற்றுகிறது. தோல் ஜாக்கெட் அணிந்த ஓர் ஆள், "ஓடு!" என்கிறார்.

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுலகவாசியின் கதை 'டாக்டர் ஹூ'. 1989 டிசம்பர் 6-ஆம் தேதியோடு நின்றுபோன அந்தத் தொடர் பிபிசிக்குத் திரும்பி வந்தது இப்படித்தான். பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அன்று அதைப் பார்த்தார்கள். அந்தத் திரும்பி வருதலுக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர் 'ரிவைவல்'. தமிழில் இதை எழுத முயலும்போதெல்லாம் எனக்குப் பேனா நின்றுவிடும். கைவசம் இருக்கும் சொற்கள் எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரே' என்பது மீண்டும். 'விவெரே' என்பது வாழ்தல். மீண்டும் வாழ்தல். பதினேழாம் நூற்றாண்டில் அது நாடக மேடைக்கு வந்தது. நீண்ட நாள் ஆடப்படாமல் கிடந்த பழைய நாடகத்தை எடுத்து மறுபடி மேடையேற்றுவதை அப்படிச் சொன்னார்கள். சமய எழுச்சிக் கூட்டங்களுக்கு அந்தப் பெயர் வந்தது அதற்குப் பிறகு. தொலைக்காட்சி மேடையிலிருந்துதான் சொல்லை வாங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மேடையில் திரும்பி வருவது அதே நாடகம், அதே வசனம். தொலைக்காட்சியில் திரும்பி வருவது விட்ட இடத்துக்குப் பின் நடக்கும் கதை.

இங்கேதான் 'ரீமேக்', 'ரீபூட்' இரண்டையும் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. ரீமேக் நமக்குப் பழக்கம்: பழைய கதையையே புதிய நடிகர்களோடு எடுப்பது, மறுஆக்கம் என்று சொல்லிவிடலாம். ரீபூட் கணினிக்காரர்களின் சொல். பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து கணினியைத் தொடங்குவதற்குப் 'பூட்' வந்தது. அணைத்துத் தொடங்கினால் 'ரீபூட்'. முன்பு நடந்ததெல்லாம் துடைக்கப்பட்டு, கதை முதலிலிருந்து தொடங்கும். 1978-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' 2003-இல் மறுபடி வந்தபோது அப்படித்தான் வந்தது. ஸ்டார்பக் என்ற ஆண் விமானி புதியதில் பெண். பழைய ஸ்டார்பக் இந்தக் கதைக்குள் பிறந்ததே இல்லை. அதற்கு மறுதொடக்கம் என்ற சொல் மிகப் பொருத்தம்.

டாக்டர் ஹூ அப்படி வரவில்லை. கதையில் டாக்டர் ஒருவரே; முகமும் நடிகரும்தான் மாறுவார்கள். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் நடித்த அந்தத் தோல் ஜாக்கெட்காரர் ஒன்பதாம் டாக்டர். 1963 நவம்பர் 23-ஆம் தேதி வில்லியம் ஹார்ட்னெல் நடித்த முதியவரும் அவரேதான். பருவங்களின் (சீசன்களின்) எண்ணை மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். டாக்டர்களின் எண்ணைத் தொடவில்லை. இதை மறுதொடக்கம் என்று எழுதுவது பிழை. சிறு பிழையும் அல்ல. தொடரின் உயிர்நாடியே அந்தத் தொடர்ச்சிதான்.

சரி, 'புத்துயிர்'? செய்தித்தாள்களில் ஏரிக்கும் புத்துயிர், சங்கத்துக்கும் புத்துயிர், நின்றுபோன திட்டத்துக்கும் புத்துயிர். பயன்பட்டுப் பயன்பட்டு அதன் முனை மழுங்கிவிட்டது. 'மறுமலர்ச்சி' அழகான சொல்தான். ஆனால் அது ஒரு காலத்தின், ஒரு சமூகத்தின் எழுச்சியைச் சுமந்து நிற்கிறது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அதை எடுத்தால் சொல் பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் போகும். 'உயிர்த்தெழுதல்' ஏசுவுக்கே உரியதாகிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு பொதுவான மனத்தாங்கல் உண்டு. செத்துப்போனது உயிர் பெற்றது என்று அவை சொல்கின்றன. டாக்டர் ஹூ சாகவில்லை. திரையில் இல்லாத அந்த ஆண்டுகளில் அதன் நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1979-இல் தொடங்கிய அதன் இதழ் நிற்கவே இல்லை. 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்கள் தயாரித்தது. தொடரை மீட்டு வந்த ரஸ்ஸல் டி டேவிஸ் 1996-இல் அந்த நாவல் வரிசையில் ஒன்றை எழுதியவர். பத்தாம் டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட் அதற்கு முன்பே அந்த ஒலி நாடகங்களில் சிறு வேடங்களில் குரல் கொடுத்தவர். மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. மண்ணுக்குள் வேர் பச்சையாக இருந்தது.

வேர் என்று எழுதியதும் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது: மறுதாம்பு.

கரும்பு வெட்டி முடிந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி போன பிறகு காய்ந்த தோகையும் கட்டையுமாக வயல் வெறிச்சோடிக் கிடக்கும். விவசாயி அதை உழுது அழிக்க மாட்டார். நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளை மண் மட்டத்துக்குச் சீவிவிடுவார். தண்ணீர் பாய்ச்சுவார். சில நாட்களில் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து முளைகள் கிளம்பும். புதிய கரணை நடவில்லை. பழைய வேர், புதிய பயிர். இதற்குத்தான் மறுதாம்பு என்று பெயர். கட்டைக் கரும்பு என்றும் சொல்வார்கள்.

கட்டை சீவுவதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. நீண்ட கட்டையை அப்படியே விட்டால் மேல் கணுக்கள்தாம் முளைக்கும். அந்த முளைகளுக்கு மண்ணில் பிடிப்பு இருக்காது. 2005-இல் டேவிஸ் செய்தது அச்சு அசலாக இதுதான். 26 பருவங்களாக நீண்டுகிடந்த கதைச் சுமையை அவர் மறுக்கவில்லை, மண் மட்டத்துக்குச் சீவினார். டாக்டரின் இனமான கால வேந்தர்கள் ஒரு பெரும்போரில் அழிந்தார்கள், எஞ்சியவர் இவர் ஒருவரே என்று வைத்தார். பழையதை ஒரு பகுதியும் பார்க்காத பிள்ளை தாராளமாக உள்ளே வரலாம். பார்த்தவருக்கு அந்தத் தனிமையின் எடை தெரியும். முதல் கதையில் உயிர்பெற்ற பிளாஸ்டிக் பொம்மைகள்கூட 1970-இல் வந்து பயமுறுத்தியவையே.

இந்தச் சொல் 1996-இல் நடந்ததையும் தெளிவாக்குகிறது. அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பில், பால் மெக்கன் எட்டாம் டாக்டராக நடித்து, ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. தொடராக வளரவில்லை. வேரிலிருந்து வந்த முளைதான், ஆனால் கருகிவிட்டது. எண் மட்டும் கணக்கில் நின்றது. அதனால்தான் அடுத்தவர் ஒன்பதாமவர்.

டாக்டர் ஹூவைப் பற்றி எழுதுபவருக்கு இன்னொரு சொல்லும் வேண்டும்: 'ரீஜெனரேஷன்'. டாக்டர் சாகும் தறுவாயில் அவர் உடல் முழுதும் மாறி, வேறு முகத்தோடு எழுவார். 1966-இல் ஹார்ட்னெலின் உடல்நிலை தளர்ந்தபோது தொடரை நிறுத்தாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. அக்டோபர் 29 அன்று அவர் தரையில் கிடக்க, முகம் ஒளியில் கரைந்து பேட்ரிக் ட்ரௌட்டன் ஆனார். அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. அடுத்த கதையில் 'புதுப்பித்தல்' என்ற பொருள் தரும் சொல்லால் குறிப்பிட்டார்கள். 'ரீஜெனரேஷன்' என்ற சொல் திரையில் ஒலித்தது 1974-இல், ஜான் பெர்ட்வீ டாம் பேக்கராக மாறியபோதுதான்.

நம் பாடநூல்கள் உயிரியலில் இதை 'இழப்பு மீட்டல்' என்கின்றன. ஹைட்ராவுக்கு அது சரி. இழந்த உறுப்பு வளர்கிறது. டாக்டர் இழந்ததை மீட்பதில்லை; பழைய முகம் திரும்புவது மிக அரிது. 'மறுபிறவி'யும் சேராது. மறுபிறவியில் நினைவு போய்விடும், தாய் வயிறு வேண்டும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் நாம் நன்கறிந்த கற்பனை. அதற்கு இன்னொருவரின் வெற்றுடல் தேவை. பாம்பு சட்டை உரிப்பது இதற்கெல்லாம் மேல், என்றாலும் உரித்த பாம்பும் அதே பாம்பாகத்தான் தெரியும். 1966-இன் முதல் சொல்லுக்கே திரும்பிப் போகலாம் என்பது என் முடிவு: மெய்ப்புதுக்கம். புதுக்குதல் பழைய கோயில்களைச் செப்பனிடுவதற்குக் கல்வெட்டுகளில் வழங்கிய சொல். கோயில் அதே கோயில், கல் புதிது. மெய் என்பதில் உடலும் இருக்கிறது, மாறாத உண்மையும் இருக்கிறது.

மறுதாம்பு தொடருக்கு, மெய்ப்புதுக்கம் டாக்டருக்கு. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் காட்சி ஒன்று 2006-இல் வந்தது. எழுபதுகளில் டாம் பேக்கரின் டாக்டரோடு பயணம் செய்து, 1976-இல் பிரிந்த சாரா ஜேன் ஸ்மித், இரவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறாள். அவளாக நடிப்பவர் அதே எலிசபெத் ஸ்லேடன், முப்பது வயது கூடியவராக. இருட்டில் ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே டாக்டரின் கால ஊர்தியான அந்த நீலநிறக் காவல்துறைப் பெட்டி. மூச்சு நின்றவளாய்ப் பின்னால் நடந்து வெளியே வந்து திரும்புகிறாள். டென்னன்ட் நிற்கிறார். அவள் பழகிய டாக்டரின் முகம் அல்ல. ஒரு கணம் பார்த்துவிட்டு, மெய்ப்புதுக்கம் ஆகிவிட்டது என்பதை அவளே சொல்கிறாள். ஆமாம், நாம் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு அரை டஜன் முறை என்கிறார் அவர்.