பேதி நாளில் வலி மாத்திரை வேண்டாம்

வெயில் காலத்தில் எங்கள் சிறுநீரகப் பிரிவில் அடிக்கடி பார்க்கும் நிலைமை இது. வயது அறுபதுக்கு மேல். பிரஷருக்கு டெல்மிசார்டானோ எனலாப்ரிலோ, கால் வீக்கத்துக்கு ஒரு நீர் மாத்திரை. இரண்டு நாளாக வாந்தி, பேதி. உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து இருந்திருக்கும். "நேத்துல இருந்து ஒன்னுக்கே சரியா போகல டாக்டர்" என்பார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நான்கு, ஐந்து என்று ஏறியிருக்கும்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றிலும் ரத்தம் நுழைய ஒரு நுண்குழாய், வெளியேற இன்னொன்று. நுழைவாயில் விரிந்து, வெளிவாயில் கொஞ்சம் இறுகி இருந்தால்தான் நடுவில் அழுத்தம் நிற்கும், ரத்தம் வடியும்.

உடம்பில் நீர் வற்றும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருட்கள் பெருகுகின்றன. அப்போது சிறுநீரகம் தானே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைச் சுரந்து நுழைவாயிலைத் திறந்து வைத்துக்கொள்கிறது. குழாய்களைச் சுருக்கும் பொருட்களில் ஒன்றான ஆஞ்சியோடென்சின் வெளிவாயிலை இறுக்கி அழுத்தத்தைத் தாங்குகிறது. வலி மாத்திரை முதலாவதைத் தடுக்கிறது. டெல்மிசார்டான் இரண்டாவதைத் தடுக்கிறது. இருக்கிற கொஞ்ச நீரையும் நீர் மாத்திரை இறக்கிவிடுகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று பிரிட்டன் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வலியைக் குறைக்கிற அதே வேலைதான் சிறுநீரகத்தின் தற்காப்பையும் எடுத்துவிடுகிறது. அதனால் "இது வயித்தைப் புண்ணாக்காது" என்று தரப்படும் எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கூடவே போடும் கேஸ் மாத்திரை வயிற்றுக்கு மட்டும்தான். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.

"வருஷக்கணக்கா போடுறேன், ஒன்னும் ஆகலையே" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. நீர்ச்சத்து குறையாத, ஆரோக்கியமான உடம்பில் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டினை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை. முதுமை, இதய பலவீனம், கல்லீரல் சுருக்கம், ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு, அல்லது இரண்டு நாள் பேதி என்று ஏதாவது வரும்போதுதான் அதே மாத்திரை ஆபத்தாகிறது.

எனக்கு இன்னும் பெரிய கவலை ஒன்று உண்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பலர் பிரஷர் மாத்திரையைத்தான் நிறுத்துகிறார்கள். மூட்டு வலி மாத்திரை தொடர்கிறது! சர்க்கரை நோயில் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு டெல்மிசார்டான் வகை மருந்துகள் சிறுநீரகத்தைக் காப்பவை. வெளிவாயிலைத் தளர்த்தி, வடிகட்டியில் அளவுக்கு மீறி இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, புரதக் கசிவையும் குறைக்கின்றன. ஆரம்பித்த புதிதில் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை கூடினால் பெரும்பாலும் நாங்கள் மருந்தை மாற்றுவதில்லை. ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்கிறோம்.

வாந்தி பேதி வந்தால் அன்றே உங்கள் மருத்துவரிடம் போனில் கேளுங்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல இறங்க ஆரம்பித்து ஓரிரு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வார். இதய பலவீனம் உள்ளவர்கள் தாங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். காய்ச்சல், உடம்பு வலிக்கு உரிய அளவில் பாராசிட்டமால் போதும். சிறுநீர் குறைந்தால் காத்திருக்காதீர்கள். முதல் ஓரிரு நாளில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் இல்லாமலே சரியாகிவிடுகிறது.

வரும்போது சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் கொண்டு வாருங்கள். பெயர் தெரியாதபடி கத்தரித்துக் கொடுத்த உதிரி மாத்திரை என்றால், வாங்கிய கடையிலேயே பெயரை எழுதி வாங்கி வாருங்கள்.